ஒரே ஏரியா, ரெண்டு மார்க்கெட்: எங்க அண்ணன் வீடு வித்து வீடு வாங்குன எட்டு மாசக் கணக்கு

எங்க அண்ணன் ஒரு பிளாட்டை வித்துட்டு தனி வீடு ஒண்ணு வாங்குனாரு. விஷயம் அவ்ளோதான், ஆனா அது முடிய எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசத்துல பிளாட்டோட விலைல பத்துல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சு போச்சு. யாரும் ஏமாத்தல, பத்திரத்துல கோளாறு இல்ல, பேங்க்ல இழுத்தடிக்கல. எப்போ விக்கணும் எப்போ வாங்கணும்ங்குற கேள்விக்கு பதிலைத் தப்பான எடத்துல தேடுனோம், அதுக்கான விலை அது. நானும் கூடவே இருந்தேன், பாதி முடிவுல என் கையும் இருக்கு, அதனால நடந்தத நடந்தபடியே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒண்ண வித்து ஒண்ண வாங்க நிக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்க.

ஊரு எது, ரூபா எவ்ளோங்குறது இங்க தேவையில்ல. அண்ணன் பிளாட்டை விக்கப் போட்ட அன்னைக்கு அந்த காம்ப்ளக்ஸ்ல அதே அளவுல கடைசியா முடிஞ்ச மூணு விற்பனையோட சராசரி எவ்ளோவோ அத 100னு வச்சுக்குறேன். கீழ வர்ற எல்லா நம்பரும் அந்த 100ஐ வச்சுத்தான். அந்த மூணு விற்பனை 103, 99, 98. இந்த மூணு நம்பரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா இது அன்னைக்கே எங்களுக்குத் தெரிஞ்சிருக்க முடியும், கேட்டிருந்தா.

ஏன் விக்கணும்னு முதல்ல. அம்மாவுக்கு முட்டி வலி, பிளாட் மூணாவது மாடி, லிஃப்ட் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நின்னுடும். நிக்கிற அன்னைக்கு அம்மா கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நாலு படிக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்கி ஏறுவாங்க, ரெண்டாவது மாடில ஒரு வீட்டு வாசல்ல செருப்பு ஸ்டாண்ட் இருக்கும், அது மேல உக்காந்து கொஞ்ச நேரம் இருந்துட்டு மறுபடி ஏறுவாங்க. கீழ் தளத்துல ஒரு ரூம் இருக்குற தனி வீடு வேணும், அதுவும் அதே ஏரியாவுல, பசங்க ஸ்கூல் மாறக்கூடாது. இதுதான் தேவை. இந்த தேவை உண்மையானது, அவசரமானது, ஆனா பேச்சு ஆரம்பிச்ச ரெண்டாவது நாள்லயே எல்லாரும் இத மறந்துட்டு "நம்ம பிளாட் எவ்ளோ போகும்"ங்குற ஒரே விஷயத்துக்குப் போயிட்டோம்.

அண்ணன் அந்த பிளாட்டை ஆறு வருஷத்துக்கு முன்னாடி 104க்கு வாங்குனாரு. அப்போ மார்க்கெட் நல்ல சூடா இருந்த நேரம். அப்புறம் கிச்சன் கப்போர்டு, பாத்ரூம் மாத்துனதுன்னு ஒரு 6 செலவு. ஆக அவர் மனசுல 110ங்குறது ஒரு கோடு மாதிரி விழுந்துடுச்சு, அதுக்குக் கீழ போனா நஷ்டம். இதுக்கு மேல ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி அடுத்த ப்ளாக்ல ஒரு பிளாட் 112க்குப் போயிருந்துச்சு. "அது 112க்குப் போச்சுன்னா நம்மது ஏன் போகாது, நம்மதுல கிச்சனே புதுசு"ன்னு 115 போட்டாரு. பேரம் பேசுவாங்க, 110ல வந்து நிக்கும்னு கணக்கு.

அந்த 112 பிளாட் கார்னர் பிளாட், ரெண்டு கார் பார்க்கிங், முதல் மாடி. இது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, தினமும் அது வழியாத்தான் போறோம். ஆனா விலை பேசும்போது அது "அடுத்த ப்ளாக் பிளாட்"டா மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு. வீட்டு விலை ஏறுச்சா எறங்குச்சான்னு கணக்கு போடுறதுலயே பெரிய சிக்கல் இதுதான், ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது. அமெரிக்காவுல கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் வீட்டு விலை குறியீடு போட்டப்போ, ஒரே வீடு ரெண்டு தடவ விக்கப்பட்டிருந்தா அந்த ரெண்டு விலையத்தான் ஒப்பிட்டாங்க, இந்த வீட்டையும் அந்த வீட்டையும் ஒப்பிடல. அந்த அளவுக்கு நாம போக முடியாது, ஆனா அதே அளவு, அதே மாடி கணக்கு, கடைசி ஆறு மாசத்துக்குள்ள முடிஞ்சதுன்னு சுருக்கிட்டாலே பாதி மயக்கம் தெளிஞ்சுடும். சுருக்கியிருந்தா 103, 99, 98 வந்திருக்கும்.

முதல் மூணு வாரத்துல ஒன்பது பேரு வந்து பாத்தாங்க. மூணாவது வாரம் ஒரு ஜோடி, ரெண்டாவது தடவையா வந்து, அந்தப் பொண்ணு பால்கனில நின்னு வெயில் எந்தப் பக்கம் வரும்னு அண்ணிகிட்ட கேட்டுச்சு, அந்தப் பையன் கையோட டேப் கொண்டு வந்து ஹால் செவுத்த அளந்தான், சோஃபா போடுறதுக்கு. சோஃபாவுக்கு அளவு எடுக்குறவங்க வாங்க வந்தவங்க. அன்னைக்கு சாயந்திரம் ப்ரோக்கர் மூலமா 101 கேட்டாங்க, லோன் ரெடி, 45 நாள்ல முடிச்சுடலாம்னு. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. "வாங்குன விலைக்கும் கீழ கேக்குறாங்க தம்பி, மூணு வாரத்துல 101 வருதுன்னா மூணு மாசத்துல 110 வரும்"னாரு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு, நான் எதுவும் சொல்லல.

முதல் மூணு வாரத்துல வர்ற ஆஃபர்தான் பெரும்பாலும் நல்ல ஆஃபரா இருக்கும், இதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஏரியாவுல அந்த சைஸ்ல வாங்கத் தயாரா இருக்குறவங்க ஒரு கூட்டம் ஏற்கனவே இருக்கு, மாசக்கணக்கா பாத்துட்டு இருக்காங்க, இருக்குற எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டாங்க. புதுசா ஒண்ணு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல வந்து பாப்பாங்க. அந்தக் கூட்டம் பாத்துட்டுப் போயிடுச்சுன்னா அதுக்கப்புறம் வர்றது மாசத்துக்கு ரெண்டு பேரு மூணு பேருன்னு புதுசா தேட ஆரம்பிக்கிறவங்க மட்டும்தான். மூணு மாசம் கழிச்சு வர்றவன் முதல்ல கேக்குற கேள்வியே "ஏன் இன்னும் விக்கல, ஏதாவது பிரச்சனையா"ங்குறது.

ப்ரோக்கர் அப்பவே சொன்னாரு, "சார், 101 நல்ல ரேட், முடிச்சுக்கலாம்"னு. அண்ணனுக்கு அவர் மேல நம்பிக்கை இல்ல, கமிஷனுக்காக அவசரப்படுத்துறாருன்னு நெனச்சாரு. இந்த சந்தேகம் முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன்னு ரெண்டு பேரு சிகாகோ பக்கத்துல கிட்டத்தட்ட ஒரு லட்சம் விற்பனைய எடுத்துப் பாத்து 2008ல ஒரு ஆய்வு போட்டாங்க. ப்ரோக்கருங்க தங்களோட சொந்த வீட்ட விக்கும்போது கஸ்டமர் வீட்ட விட ஏறக்குறைய 3.7 சதவீதம் அதிகமா வாங்கியிருக்காங்க, மார்க்கெட்ல ஒன்பதரை நாள் கூடுதலா வச்சிருந்திருக்காங்க. அதாவது நம்ம வீடுன்னா கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடப் பாக்குறாங்க, அவங்க வீடுன்னா கொஞ்சம் பொறுமையா இருக்காங்க. சரி, ஆனா அந்த வித்தியாசம் எத்தன நாளுன்னு பாருங்க, ஒன்பதரை நாள். விஷயம் தெரிஞ்சவன் தன்னோட வீட்டுக்கே கூடுதலா பொறுத்தது பத்து நாள். நாங்க பொறுத்தது ஆறு மாசத்துக்கு மேல.

ரெண்டாவது மாசம் நாங்க தேடுன மாதிரியே ஒரு தனி வீடு வந்துச்சு. கீழ ரூம், ரூமோட ஒட்டி பாத்ரூம், வாசல்ல ஒரே ஒரு படி. 150. அம்மா உள்ள போயி அந்த ரூம் ஜன்னல திறந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கட்டில் எங்க போடலாம்னு கையால காட்டுனாங்க. அண்ணன் அன்னைக்கே 3 அட்வான்ஸ் குடுத்தாரு, 60 நாள்ல மீதி, தவறுனா பாதி பிடிச்சுக்குவாங்கன்னு எழுத்துல இருந்துச்சு. பிளாட் விக்காம எப்படின்னு அண்ணி கேட்டாங்க. "60 நாள் இருக்கே"ன்னாரு.

60 நாள்ல பிளாட் விக்கல. மூணாவது மாசம் ரெண்டே ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. 115 போர்ட 112ஆ மாத்துனோம். நாலாவது மாசம் கெடு முடிஞ்சுது, அந்த வீட்டுக்காரரு எழுதுன மாதிரியே பாதி பிடிச்சுக்கிட்டாரு, 1.5 போச்சு, அவர் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. அந்த வீடு அடுத்த மூணு வாரத்துல வேற ஒருத்தருக்கு 152க்குப் போச்சு. அன்னைக்கு ராத்திரிதான் நான் உக்காந்து எண்ண ஆரம்பிச்சேன்.

எண்ணுனது எப்படின்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், இந்த மொத்தக் கதையிலயும் உபயோகமான வேல அது ஒண்ணுதான்.

வெப்சைட்ல போயி எங்க காம்ப்ளக்ஸும் பக்கத்துல இருக்குற ரெண்டு காம்ப்ளக்ஸும் சேத்து அதே ரெண்டு பெட்ரூம் சைஸ்ல எத்தன பிளாட் விக்கப் போட்டிருக்குன்னு பாத்தேன், 41 வந்துச்சு. ஆனா ஒரே பிளாட்ட மூணு ப்ரோக்கர் தனித்தனியா போட்டிருப்பாங்க, விலையும் கொஞ்சம் மாத்திப் போடுவாங்க, அதனால போட்டோவ ஒவ்வொண்ணா பாத்து கழிக்கணும். ஒரு பிளாட்ல கிச்சன் செவுத்துல கரும்பச்சை டைல்ஸ், அது மட்டும் நாலு எடத்துல இருந்துச்சு, நாலு வெவ்வேற விலைல. இன்னொண்ணு ஹால்ல ஒரே மீன் தொட்டி, வேற வேற கோணத்துல மூணு தடவ. இப்படி கழிச்சு கழிச்சு 24ல வந்து நின்னுச்சு. அப்புறம் எத்தன வித்துச்சுன்னு தெரியணும். இதுக்கு மூணு காம்ப்ளக்ஸ் ஆபீஸ்லயும் போயி மெயின்டனன்ஸ் பில் பேரு மாறுன கணக்க கேட்டேன், வீடு கைமாறுனா அங்க பேரு மாறியே ஆகணும். கடைசி ஆறு மாசத்துல 12. அதுக்கு முந்தின ஆறு மாசத்துல 17.

12ங்குறது மாசத்துக்கு ரெண்டு. 24 இருக்கு. அப்போ இருக்குறது மொத்தமும் விக்க 12 மாசம் ஆகும், அதுவும் புதுசா ஒண்ணுகூட வராம இருந்தா. இந்த மாதிரி கணக்குல பொதுவா அஞ்சு ஆறு மாச சரக்கு இருந்தா விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் சமமான மார்க்கெட்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல போகப் போக வாங்குறவன் கை ஓங்கும், அதுக்குக் கீழ போகப் போக விக்கிறவன் கை. நாங்க 12ல நின்னுக்கிட்டு 115 கேட்டோம்.

ஆனா என்ன தூக்கிவாரிப் போட்டது இது இல்ல. அதே ராத்திரி, அதே ஏரியாவுல, கீழ் தளத்துல பெட்ரூம் இருக்குற தனி வீடு எத்தன விக்கப் போட்டிருக்குன்னு பாத்தேன். அஞ்சு. கடைசி ஆறு மாசத்துல எத்தன முடிஞ்சுதுன்னு ரெண்டு ப்ரோக்கருங்ககிட்ட தனித்தனியா கேட்டு ஒப்பிட்டதுல ஒன்பது. மாசத்துக்கு ஒன்றரை, அப்போ மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுற சரக்கு. நடந்து போனா பத்து நிமிஷ தூரம், ஆனா ரெண்டும் ரெண்டு வேற மார்க்கெட். நாங்க விக்கிற பக்கம் வாங்குறவனுக்கு சாதகம், நாங்க வாங்குற பக்கம் விக்கிறவனுக்கு சாதகம். ரெண்டு பக்கமும் காலம் எங்களுக்கு எதிரா ஓடிட்டு இருந்துச்சு, நாங்க என்னமோ காத்திருந்தா லாபம்னு உக்காந்திருந்தோம்.

ஏரியாவுல விலை ஏறுதா எறங்குதான்னு பொதுவா கேக்குறதுல அர்த்தமே இல்லன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நாடு முழுக்கன்னு பேசுறது அதவிட மோசம். அமெரிக்காவுல 2006ல இருந்து வீட்டு விலை சரிஞ்சப்போ லாஸ் வேகஸ்ல உச்சத்துல இருந்து 60 சதவீதத்துக்கு மேல எறங்குச்சு, டல்லாஸ்ல மொத்தமே பத்துப் பதினோரு சதவீதம்தான். ஒரே நாடு, ஒரே பேங்க் நெருக்கடி, ஒரே வட்டி. டல்லாஸ் 2013லயே பழைய உச்சத்தத் தாண்டிடுச்சு, லாஸ் வேகஸ் 2006 விலைய மறுபடி பாக்க 2021 ஆச்சு. லாஸ் வேகஸ்ல முந்தின வருஷங்கள்ல விலை கண்டபடி ஏறியிருந்துச்சு, குடியிருக்காம விக்கிறதுக்காகவே வாங்குனவங்க நிறைய, புதுசா கட்டிக் குவிச்சாங்க. டல்லாஸ்ல ஏறவே இல்ல பெருசா, அதுக்கு மேல டல்லாஸ் இருக்குற டெக்சாஸ் மாநிலத்துல வீட்ட அடமானம் வச்சு பணம் எடுக்குறதுன்னா வீட்டு மதிப்புல 80 சதவீதத்துக்கு மேல கடன் போகக்கூடாதுன்னு சட்டம். "அமெரிக்காவுல வீட்டு விலை சரியுது"ங்குற தலைப்புச் செய்திய டல்லாஸ்ல இருந்து படிச்சவனுக்கும் லாஸ் வேகஸ்ல இருந்து படிச்சவனுக்கும் அது ஒரே செய்தி இல்ல. எங்க விஷயத்துல ரெண்டு ஊருகூட இல்ல, ரெண்டு தெரு.

எண்ணுன பேப்பர காலைல அண்ணன்கிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "சரிடா, ஆனா 101 கேட்டவனே போயிட்டான், இப்போ அதவிட கம்மியா குடுக்கச் சொல்றியா"ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு, ஆனா அவர் முகத்தப் பாத்து சொல்ல முடியல. 101ஐ விட்டதுக்கு அப்புறம் 98க்கு விக்கிறதுங்குறது அவருக்கு 3 நஷ்டமா தெரியல, தான் தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்குறதா தெரிஞ்சுது. இது அவர் ஒருத்தரோட பிடிவாதம் மட்டும் இல்ல. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர்னு ரெண்டு பேரு 1990கள்ல பாஸ்டன் நகர நடுவுல நடந்த பிளாட் விற்பனைகளப் பாத்து 2001ல எழுதுனாங்க. வாங்குன விலைக்குக் கீழ விக்க வேண்டி வந்தவங்க, அந்த நஷ்டத்துல 25ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் கேக்குற விலைல ஏத்தி வச்சிருந்தாங்க. கடைசில கையில கூடுதலா கெடச்சது அந்த நஷ்டத்துல 3ல இருந்து 18 சதவீதம் வரைக்கும்தான், விக்க ஆன காலம் மட்டும் நீண்டுபோச்சு. ஆக பிடிவாதம் பிடிச்சா ஒண்ணுமே கெடைக்காதுன்னு சொல்ல முடியாது, கொஞ்சம் கெடைக்கும், ஆனா அதுக்கு காலத்த குடுக்கணும். காலம் இருக்குறவன் குடுக்கலாம். அம்மா மூணாவது மாடி ஏறிட்டு இருந்தாங்க.

இதுல இருந்து இன்னொண்ணும் புரியும். எல்லாரும் வாங்குன விலைய பிடிச்சுக்கிட்டு நிக்கிறதாலதான் மார்க்கெட் எறங்கும்போது விலை முதல்ல எறங்காது, விற்பனை எண்ணிக்கை எறங்கும். 17ல இருந்து 12 ஆனது அதுதான். அந்த நேரத்துல "விலை அப்படியேதான் இருக்கு"ன்னு எல்லாரும் சொல்லிட்டு இருப்பாங்க, போர்டுல போட்ட விலை அப்படியே இருக்கும், கைமாறுறது மட்டும் கொறஞ்சுட்டே போகும், அப்புறம் அவசரம் உள்ளவன் ஒருத்தன் எறக்கி விப்பான், அந்த விலைதான் அடுத்தவனுக்கு அளவுகோல். அதனால விலைய பாத்து மார்க்கெட்ட தெரிஞ்சுக்க நெனச்சா ஆறு மாசம் லேட்டாத்தான் தெரியும்.

எறங்க ஆரம்பிச்சா அடுத்த மாசமே திரும்பிடும்னு நெனைக்கிறதும் ஷேர் மார்க்கெட் பழக்கத்துல வர்றது. கேஸும் ஷில்லரும் 1989ல போட்ட ஒரு கட்டுரைல அட்லாண்டா, சிகாகோ, டல்லாஸ், சான் பிரான்சிஸ்கோ நாலு ஊரு கணக்க எடுத்துப் பாத்தாங்க. ஒரு வருஷம் விலை எந்தப் பக்கம் போகுதோ அடுத்த வருஷமும் அதே பக்கம்தான் போகப் பாக்குது, முந்தின வருஷ மாற்றத்துல கால்வாசில இருந்து பாதி வரைக்கும். மெதுவா திரும்புற கப்பல் மாதிரி. எறங்குற பக்கத்துல நின்னுக்கிட்டு "கொஞ்சம் பொறுத்தா பழைய விலை வரும்"ங்குறது அந்தக் கப்பல் உடனே திரும்பும்னு நம்புறது.

இதுக்கு நடுவுல அண்ணனோட ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தரு வேற ஒரு காரணம் சொன்னாரு, வட்டி கொறையப் போகுது, கொறைஞ்சதும் தனி வீடு வாங்குங்க, இப்போ அவசரம் இல்லன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் கணக்கு போட்டுப் பாத்தோம். 20 வருஷ லோன், 9 சதவீதம்னா ஒரு லட்சத்துக்கு மாசம் 900 கட்டணும், 8 சதவீதம்னா 836. அதாவது அதே மாசத் தவணைல ஏழரை சதவீதம் கூடுதலா லோன் எடுக்கலாம். அண்ணன் எடுக்க வேண்டிய லோன் 50ன்னு வச்சா அது 53.8 ஆகும். சரி, ஆனா வீட்டு விலை 150ல இருந்து 154 ஆனாலே அந்த 3.8 முழுசா போச்சு. வீட்டு விலைல வெறும் ரெண்டரை சதவீத ஏத்தம் ஒரு முழு சதவீத வட்டிக் கொறைப்ப தின்னுடும், ஏன்னா ஏத்தம் வீட்டோட முழு விலை மேல விழுது, வட்டி லாபம் லோன் மேல மட்டும்தான். மூணு மாச சரக்கு மட்டும் இருக்குற மார்க்கெட்ல ரெண்டரை சதவீதம் ஏற எவ்ளோ நாள் ஆகும். வட்டி நெஜமாவே கொறைஞ்சா அப்புறம்கூட லோன மாத்திக்கலாம், பதிவு பண்ணுன விலைய மாத்த முடியாது. அந்த எட்டு மாசத்துல வட்டி கொறையவும் இல்ல.

அஞ்சாவது மாசம் 109. ஆறாவது மாசம் 105. ஒவ்வொரு தடவையும் மார்க்கெட் எங்க இருக்கோ அதுக்கு ஒரு முழம் மேலயே நிறுத்துனோம், நாங்க எறங்குறதுக்குள்ள அதுவும் எறங்கிடும். பக்கத்து ப்ராஜெக்ட்ல ரெண்டாவது டவர் சாவி குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல முதலீட்டுக்கு வாங்குனவங்க உடனே விக்கப் போட்டாங்க, 24 இருந்தது 29 ஆச்சு. இந்த டவர் ரெண்டு வருஷமா எங்க பால்கனிக்கு எதிர்லயே வளந்துச்சு, மாடி மாடியா நாங்களே பாத்தோம். எப்போ சாவி குடுப்பாங்கன்னு அந்த வாசல்ல போயி கேட்டிருந்தா செக்யூரிட்டியே சொல்லியிருப்பாரு. உங்க பக்கத்துல எது கட்டுறாங்க, எப்போ முடியும், அதுல எத்தன உங்க சைஸ், இத தெரிஞ்சுக்காம விக்கிற தேதிய முடிவு பண்ணாதீங்க.

ஒரு ஞாயித்துக்கிழம லிஃப்ட் நின்னுச்சு, அம்மா படி ஏறும்போது ரெண்டாவது மாடி செருப்பு ஸ்டாண்ட்ல உக்காந்தவங்க அரை மணி நேரம் எந்திரிக்கல. அண்ணன் போயி பக்கத்துல படில உக்காந்தாரு. அன்னைக்கு சாயந்திரம் அவரே ப்ரோக்கருக்கு போன் போட்டு 99ன்னு மாத்தச் சொன்னாரு. 99 போட்டதும் அந்த வாரமே ஆறு பேரு வந்தாங்க, 12வது நாள் 96க்கு முடிஞ்சுது. ஆறு மாசமா எட்டிப்பாக்காத ஆளுங்க அந்த ஒரு வாரத்துல வந்தாங்க, பிளாட் அதே பிளாட், கிச்சன் அதே கிச்சன்.

எட்டாவது மாசம் தனி வீடு ஒண்ணு 154க்கு வாங்குனோம். முதல்ல பாத்த வீடு அளவுக்கு இல்ல, கீழ ரூம் கொஞ்சம் சின்னது, வாசல்ல மூணு படி, ஒரு சரிவு கட்ட வேண்டி வந்துச்சு.

இப்போ கணக்கு. நாங்க கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தது ஒரே ஒரு நம்பர், பிளாட் எவ்ளோ போகும்ங்குறது. பாத்திருக்க வேண்டியது இடைவெளி, வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் நடுவுல கையிலருந்து போடுற பணம். ரெண்டாவது மாசம் இடைவெளி 150ல 101 போக 49. எட்டாவது மாசம் 154ல 96 போக 58, அட்வான்ஸ்ல போன 1.5ஐ சேத்தா 59.5. வித்தியாசம் 10.5. இந்த 10.5ஐ அண்ணன் லோன்லதான் சேத்துருக்காரு, எட்டரை சதவீதத்துல 20 வருஷம் கட்டி முடிக்கும்போது அது கிட்டத்தட்ட 22 ஆகியிருக்கும், பழைய பிளாட்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல.

நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் சொல்றது ஈஸின்னு தோணலாம், அதனால நேர்மையா பிரிச்சுப் பாக்குறேன். 96க்கு எறங்கும்னு மூணாவது வாரத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா கடைசி மூணு விற்பனை 103, 99, 98ங்குறது தெரிஞ்சிருக்கும். 24 பிளாட் நிக்கிது, மாசத்துக்கு ரெண்டுதான் போகுதுங்குறது தெரிஞ்சிருக்கும். எதிர்ல டவர் வருதுங்குறது கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. இந்த மூணும் தெரிஞ்சவன் 101ஐ விடமாட்டான், எதிர்காலம் தெரியவே வேண்டாம். பிளாட்டுக்கு ஆள் உறுதியாகாம அட்வான்ஸ் குடுத்தது அதவிடப் பெரிய தப்பு. 12 மாச சரக்கு இருக்குற பக்கத்துல விக்க வேண்டியவன் முதல்ல வித்துடணும், வாங்குற வீடு உடனே கெடைக்கலன்னா ஆறு மாசம் வாடகைக்கு இருந்தாலும் பரவாயில்ல. எங்களுக்கு அந்த ஆறு மாச வாடகையும் ரெண்டு தடவ சாமான் ஏத்தி எறக்குற கூலியும் சேத்தா 3க்குள்ள முடிஞ்சிருக்கும், அதுவும் கீழ் தளமா பாத்து எடுத்திருக்கலாம், அம்மாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே படி நின்னிருக்கும்.

எல்லாருக்கும் உடனே வித்துடுங்கன்னு நான் சொல்லல, சொல்லவும் முடியாது. இதே கதைய திருப்பிப் போடுங்க, தனி வீட்ட வித்துட்டு பிளாட் வாங்குறவருன்னா, அந்த எட்டு மாசம் அவருக்கு ரெண்டு பக்கமும் சாதகமா ஓடியிருக்கும், அவர் பொறுத்தது அத்தனையும் லாபம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுனா எறங்குனா இன்னொரு விதம்: எல்லாம் பத்து சதவீதம் எறங்குச்சுன்னா 101 பிளாட்ல 10 போகும், ஆனா 150 வீட்டுல 15 கொறையும், பெருசுக்கு மாறுறவனுக்கு எறங்குற மார்க்கெட்தான் நல்லது, அப்போ தன்னோட பிளாட் விலை எறங்குறதப் பாத்து அழுவான், கணக்குல ஜெயிச்சுட்டு இருப்பான்.

வீட்டு விலை எப்படியும் ஏறத்தான் செய்யும், பொறுத்தா போதும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ஆம்ஸ்டர்டாம்ல ஹேரன்கிராக்ட்னு ஒரு கால்வாய்த் தெரு, நகரத்துலயே பணக்காரத் தெரு. அங்க இருக்குற வீடுகளோட விற்பனைய 1628ல இருந்து 1973 வரைக்கும் எடுத்து பீட் ஐக்கோல்ட்ஸ்னு ஒரு பேராசிரியர் குறியீடு போட்டாரு. விலைவாசிய கழிச்சுட்டுப் பாத்தா அந்த 345 வருஷத்துல வீட்டு விலை ஏறக்குறைய ரெண்டு மடங்குதான் ஆகியிருக்கு. நடுவுல பாதியா எறங்குன காலம், பல வருஷம் எழாத காலம் எல்லாம் உண்டு. பொறுக்குறவன் எத்தன வருஷம் பொறுக்கணும்னு அந்தத் தெரு சொல்லல.

போன மாசம் பழைய காம்ப்ளக்ஸ்ல நாலாவது மாடிக்காரரு அண்ணனுக்கு போன் பண்ணாரு, அவரும் பிளாட்டை விக்கப் போறாரு, 108 போடலாமான்னு கேட்டாரு. அண்ணன் அவர வீட்டுக்கு வரச் சொன்னாரு. நான் போனப்போ ரெண்டு பேரும் டேபிள்ல உக்காந்து போன்ல ஒவ்வொரு போட்டோவா பாத்து ஒரே பிளாட் எது எதுன்னு கழிச்சுட்டு இருந்தாங்க. 31ல வந்து நின்னுச்சு. "இது உங்க பக்கம் சார்"னு அந்த பேப்பர ஓரமா வச்சுட்டு அண்ணன் இன்னொரு வெள்ளப் பேப்பர எடுத்தாரு. "நீங்க எங்க வாங்கப் போறீங்க, அத சொல்லுங்க."